தார்ப்பாய்க்காரர் வீட்டுப் பொம்மை

வெயில் உச்சிக்கு வந்ததும் மாதேஸ்வரன் தார்ப்பாய்க்குள் புகுந்துவிடுவார். சங்ககிரி புறவழிச்சாலை ஓரத்தில் அவருடைய கடை. முன்னால் இருக்கும் காலி மனையில் நான்கு கம்பங்களை நட்டு, பழுது பார்க்க வந்த லாரிப் பாயை அவற்றின்மேல் விரித்து, நாலு பக்கமும் தரை வரை தொங்கவிட்டுக் கட்டியிருப்பார்கள். அடியில் கும்மிருட்டு. அந்த இருட்டில் அண்ணாந்து பார்த்தால், வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாத ஊசித் துளைகளெல்லாம் நட்சத்திரம் போல மின்னும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே நகர்வார். சாலையில் போகிறவர்களுக்கு, கறுப்புப் பாயின் மேல் ஒரு விரல் முட்டி முட்டி ஊர்ந்து போவது மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று யாராவது குரல் கொடுத்தால், "இருக்கறேனுங்க. இன்னும் நாலு ஓட்டதான், வாரேன்" என்று பாய்க்குள்ளிருந்து பதில் வரும்.

நாற்பத்தொன்பது வயது. ஒல்லியான தேகம். கித்தான் ஊசி குத்திக் குத்திக் காய்ந்துபோன கட்டைவிரல். முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் சரக்கை மழையிலிருந்தும் தூசியிலிருந்தும் காத்துக் காத்து, அந்தக் கவலை மனிதருக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டு டி.வி. ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் உறை. அந்த உறை கிழியாமலிருக்க அதற்கொரு துணி உறை. நாற்காலிகளில், வாங்கியபோது சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளின் மேலேயேதான் உட்கார வேண்டும். ஆதார் அட்டைக்கு இரண்டு முறை லேமினேஷன். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கவருக்காரர்'. அதில் அவருக்கு வருத்தமில்லை. "மூடி வெச்சாத்தானுங்க அது பொருளு. தொறந்து உட்டா குப்பை" என்பார், ஏதோ சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறவர் போல.

மனைவி ஜோதிக்கு மட்டும் இதன் வேர் எங்கே என்று தெரியும். கல்யாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளையில்லை. திருச்செங்கோட்டு மலைப்படிகளை அந்தப் பெண் எத்தனை அமாவாசைக்கு ஏறியிருப்பாள்! பன்னிரண்டாம் வருடம் பிறந்தவள் இனியா. மருத்துவமனையில் குழந்தையைக் கையில் வாங்கியபோது மாதேஸ்வரன் அதன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பூத்துவாலையின் நான்கு முனைகளையும் இழுத்து மூடுவதிலேயே இருந்தார். "காத்து படக்கூடாதுங்க, காத்து படக்கூடாதுங்க" என்று அழுதுகொண்டே சொன்னாராம்.

அதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு மூடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலில் கெட்டிக்காரர். நாமக்கல் கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போன டிரைவர் காளிதாஸ் ஒருமுறை நான்கு பக்கமும் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனதில், உள்ளே சரக்கு புழுங்கிப் பூஞ்சை பிடித்து, முழு லோடும் திரும்பி வந்தது. கடை வாசலில் வைத்தே அவனை விளாசிவிட்டார்.

"அது உசுருள்ள சரக்கு, காளிதாசு. பின்னால ஒரு சாண் தொறந்து உடோணும். மூச்சு முட்டுனா வேர்க்கும், வேர்த்தாப் பூஞ்ச புடிக்கும். இதுகூடத் தெரியாம என்னடா வண்டி ஓட்டற?"

"தெரிஞ்சுக்கிட்டனுங்ணா" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான் அவன்.

இனியாவுக்கு ஏழு வயது நடந்தபோது, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கப் போன இடத்தில் ஒரு பொம்மையைப் பார்த்துவிட்டுக் காலை ஊன்றி நின்றுவிட்டாள். இடுப்பு வரை முடி வைத்த பொம்மை. விலை முந்நூறு ரூபாய். "ஏனுங்கப்பா, இதுக்குச் சட பின்னலாமுங்கப்பா" என்றாள். மாதேஸ்வரன் அதைக் கையில் எடுத்து, முடியை லேசாக இழுத்துப் பார்த்தார். ஒரு கொத்து கையோடு வந்தது. "இது ஒரு வாரம் தாங்காது சாமி. அப்பா உனக்கு நல்லதா வாங்கித் தாரேன்" என்று வைத்துவிட்டார். நல்லது என்றால், அவர் அகராதியில், கெடாதது.

வாடிக்கைக்காரரான லாரி முதலாளி சின்னண்ணனின் மருமகன் நவீன்குமார் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுப் பொம்மைகளைச் சேர்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. மாதேஸ்வரன் விசாரித்தபோது போனில் அவன் விவரம் சொன்னான். "இதெல்லாம் கலெக்சன் பொம்மைங்க. நம்பர் போட்டு ஆயிரம்தான் செய்வாங்க. பெட்டியப் பிரிக்காம வெச்சிருந்தீங்கன்னா, பாப்பா கல்யாணத்துக்குள்ள வெல எங்கியோ போயிரும்."

பெட்டியைப் பிரிக்காமல்! மாதேஸ்வரன் காதில் அந்த இரண்டு வார்த்தைகளும் நாதஸ்வரமாக ஒலித்தன. இருபத்திரண்டாயிரம் கொடுத்து வரவழைத்தார்.

"அந்தக் காசுக்குத் தோடு எடுத்திருந்தாப் புள்ள காதுலயாச்சும் போட்டிருக்கும்" என்றாள் ஜோதி.

"தோடு தொலஞ்சுபோகும் புள்ள. இது பத்தரமாப் பொட்டிக்குள்ள இருக்கும்."

"பொட்டிக்குள்ள இருக்கறதுக்கு எதுக்குங்க பொம்ம?"

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த அன்று சாயங்காலமே, பெட்டியின் தூசியை ஈரத் துணியால் பதமாகத் துடைத்தார். கண்ணாடி போன்ற கனத்த பிளாஸ்டிக் ஷீட்டை அளந்து வெட்டி, பெட்டியை உள்ளே வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, தையல் மேல் பசையும் பூசினார். காற்றுப் புக இடமில்லை. அப்புறம் ஹாலில் இரும்பு பீரோ மேல் ஏற்றி, வெளிச்சம் பட்டு நிறம் போய்விடுமென்று மேலே ஒரு துண்டையும் போர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தரிசனம். ஸ்டூல் மேல் இனியாவை ஏற்றி, மாதேஸ்வரன் துண்டை விலக்குவார். நீலக் கவுனும் செம்பட்டைக் கூந்தலுமாகப் பெட்டியின் கண்ணாடி முகப்புக்குள் அது நிற்கும். பெட்டியில் அச்சிட்டிருந்த நீளமான பேர் இனியாவின் வாயில் நுழையவில்லை. 'மித்து' என்று அவளே பேர் வைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக்கின் மேல் விரலை வைத்து மூன்று புரியாகப் பிரித்துப் பிரித்து, வெறும் காற்றில் சடை பின்னுவாள். "இன்னிக்கு மட்டும் எறக்குங்கப்பா. கை கழுவிட்டு வந்தர்றேன்" என்பாள்.

"அழுக்காயிருங்கண்ணு. அங்கியே இருக்கட்டும். உனக்குத்தான, எங்க போகுது?"

எங்கும் போகவில்லைதான். அந்தப் பிஞ்சு விரல்களுக்குத்தான் போக்கிடம் தேவைப்பட்டது. பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து உட்காருவாள். அந்த நாட்களில் சங்ககிரியிலிருந்து புறப்பட்ட எத்தனையோ லாரிகளில், பாய் கட்டும் நைலான் கயிற்றின் நுனியைப் பிரித்து மூன்று புரியாய் அழகாகச் சடை பின்னியிருந்தது. ஒன்றிரண்டில் சிவப்பு ரிப்பன் வேறு. "அண்ணா, நம்ம வண்டிக்குப் பூ வெக்க மறந்துட்டீங்களே!" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். மாதேஸ்வரனும் சிரித்தார். சிரித்ததோடு சரி.

இப்படி இரண்டு வருடம் ஓடியது.

போன மாதம் ஒரு சாயங்காலம், தைத்த பாயை வாங்கிக்கொள்ள வீட்டுக்கே வந்த காளிதாஸ், காபி குடித்தபடி பீரோவை அண்ணாந்து பார்த்தான். "எங்கீங்ணா அந்தப் பெரிய எடத்துப் பொம்ம? ஊரே சொல்லுது, நான் ஒருத்தன்தான் பாக்கல."

மாதேஸ்வரனுக்கு முகம் மலர்ந்தது. ஸ்டூலில் ஏறி, கோயில் திரையை விலக்குவது போலத் துண்டை விலக்கினார். விலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பிளாஸ்டிக்கின் உட்புறம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தது. பெட்டியின் அட்டை ஊதிக் கறுத்துக் கிடந்தது. உள்ளே மித்துவின் இடது கன்னத்தில், கண்ணோரம் தொடங்கித் தாடை வரை, சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

காளிதாஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "அண்ணா... லோடு வேர்த்துப்போச்சுங்ணா" என்றான் மெதுவாக. பிறகு, சொல்லாமலிருக்க அவனாலும் முடியவில்லை. "ஒரு சாண் தொறந்து உட்டிருக்கலாமுங்ணா."

அவன் போனதும் நவீன்குமாருக்குப் படம் எடுத்து அனுப்பினார். உடனே போன் வந்தது. "போச்சுங்க. பெட்டியே கெட்டுப்போச்சு, இனிமே யாரும் தொடமாட்டாங்க. இப்ப அது வெறும் பொம்மதானுங்க."

இடிந்துபோய் உட்கார்ந்தவர் ஜோதி மேல்தான் பாய்ந்தார். "ஊட்டுலயே இருக்கற, தெனமும் கூட்டற, பெருக்கற. ஒரு நாள் அந்தத் துண்டத் தூக்கிப் பாத்திருக்கக் கூடாதா?"

ஜோதி அரிசி களைந்துகொண்டிருந்த கையை உதறிவிட்டு வந்தாள். குரல் உயரவில்லை. "நீங்க எப்பக் கடைசியாத் தூக்கிப் பாத்தீங்க?"

அவர் யோசித்தார்.

"புள்ள கேட்டாத்தான நீங்க தூக்குவீங்க. அவ கேக்கறத நிறுத்தி ஏழு மாசமாச்சுங்க. கயித்துல சட பின்றதயும் நிறுத்திட்டா. நீங்க கவனிக்கவே இல்லியா?"

பணம் போனது ஒரு வலி. இது வேறு. முப்பது வருடமாக ஊசித் துளையைக்கூடத் தப்பவிடாத கண். அந்தக் கண்ணுக்கு முன்னாலேயே ஒன்று சத்தமில்லாமல் ஒழுகிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இனியாவுக்கு இப்போது ஒன்பது வயது. இன்னும் எத்தனை நாளைக்குப் பொம்மை என்றால் அவள் திரும்பிப் பார்ப்பாள்? ஒருவேளை, அந்த நாட்கள் முடிந்தே போய்விட்டனவா?

கித்தான் வெட்டும் கத்தியை எடுத்தார். தான் போட்ட இரட்டைத் தையலைத் தானே அறுத்தார். நல்ல தையல்; லேசில் விடவில்லை. புளித்த அட்டை வாடை அடித்தது. உள்ளே பொம்மையைக் கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு என்று மெல்லிய கம்பிகளால் அட்டையோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார்.

இனியா சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார். "கண்ணு, இந்தா. உனக்குத்தான்."

குழந்தை பொம்மையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்கப்பா. அழுக்காயிரும். அங்கியே இருக்கட்டுங்க."

கோபமில்லை, வீம்பில்லை. படித்த பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஜோதி சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏற்கெனவே அழுக்காயிருச்சு, சாமி" என்றார் மாதேஸ்வரன். "அப்பாதான் பண்ணிப்போட்டேன். பாரு." பொம்மையின் இடது கன்னத்தை அவள் பக்கம் திருப்பினார்.

இனியாவின் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. "ஐயோ... மித்துக்கு என்னாச்சுங்கப்பா?" எழுந்து வந்தாள். தயங்கித் தயங்கி ஒற்றை விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். முதல் முறை. அப்புறம் உள்ளங்கையால் தடவினாள். அப்புறம் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு வருடம் சிக்காகிக் கிடந்த கூந்தல் அவள் முழங்கையில் சரிந்து விழுந்தது.

"தண்ணி ஊத்தி உடலாமுங்களாப்பா? சோப்புப் போட்டாப் போயிரும்."

"கவுனெல்லாம் நனஞ்சு..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டார்.

கறை முழுதும் போகவில்லை. ஆனால் அதைக் கழுவிப் பார்ப்பதற்கு முன் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இனியா குளியலறையில் பொம்மையை மடியில் கிடத்திக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜோதி ஒரு சொம்பு வெந்நீரைக் கொண்டுவந்து வாளியில் கலந்தாள். மாதேஸ்வரன் எதிரே குந்தி, முழுக்கைச் சட்டையின் கைகளை மேலே மடித்து ஏற்றிவிட்டுக்கொண்டார். குவளையில் நீரை மொண்டவர், உடனே ஊற்றவில்லை. புறங்கையை அதில் அமிழ்த்திச் சூடு பார்த்தார். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, மறுபடியும் பார்த்தார்.