ஞாயிற்றுக்கிழமை நார்மல்

"இந்தப் பொம்பளைங்களுக்குத் தாகமே எடுக்காது போல" என்று மேனேஜர் சிரித்தாராம். அவர் அறைக்குள்ளேயே கழிவறை உண்டு. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மங்கை வியாசர்பாடிக்காரி. திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் பத்து வருஷமாகக் காலிப் பெட்டிகளைக் கழுவுகிறாள். கூட ஒன்பது பெண்கள். நாள் முழுக்க ஹோஸ் பைப்பும் கையுமாகத் தண்ணீரில் நிற்பார்கள், ஆனால் ஒரு வாய் குடிக்க மாட்டார்கள். அங்கே பெண்களுக்குக் கழிவறை இல்லை. காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் டீ, பிறகு மாலை ஆறு மணிக்கு வீட்டில்தான் தண்ணீர். புதிதாக வருகிறவளுக்கு மங்கை முதலில் சொல்லிக்கொடுப்பதே இந்தக் கணக்கைத்தான்.

கழிவறை கேட்டு நான்கு முறை மனு கொடுத்தார்கள். "உடம்புக்குக் கெடுதல்னா ரிப்போர்ட் காட்டுங்க" என்று மேனேஜர் லீவு நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை முகாம் வைத்தார். தண்டையார்பேட்டையில் சின்ன லேப் நடத்தும் என்னைக் கூப்பிட்டார்கள்.

மங்கைக்கோ பயம். ரிப்போர்ட் மோசமானால் அன்ஃபிட் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே! சனிக்கிழமை மாலையிலிருந்தே எல்லோரையும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தாள். பத்துக் கோப்பைகளிலும் சிறுநீர் தெளிவாக இருந்தது. நான் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே அது நோட்டீஸ் போர்டில் ஏறியது: அனைவரும் நலம், கழிவறை அவசியமில்லை.

மங்கை என் லேபுக்கே வந்து சண்டை பிடித்தாள். "இன்னா சாபிராக்கா, நார்மல்னு எழுதிக் குடுத்துட்ட? எனுக்கு ரெண்டு தபா நீர்க்கடுப்பு வந்துச்சே, அது பொய்யா?"

அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வந்த கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விளக்கினேன். தண்ணீர் குறைந்து ரத்தம் கெட்டியானால் மூளை ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. தண்ணீரை விடாதே, பிடித்து வை என்று அது சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாக வருகிறது. தண்ணீர் குடித்து ரத்தம் சரியானதும் அந்தச் செய்தி மூளைக்குப் போய், ஹார்மோன் நின்றுவிடுகிறது. பாடப்புத்தகம் இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறது. ஓரிரு மணி நேரத்து வேலை. ஆறு நாள் பட்ட பாட்டை ஒரு நாள் தண்ணீர் மறைத்துவிட்டது.

"ஒடம்புக்கு ஒரு தபா சொன்னா கேட்டுக்குது. இந்தாளுக்கு நாலு தபா எழுதிக் குடுத்தோம், காதுலயே போட்டுக்கல" என்றாள் மங்கை. "புதன்கெழம மூணரை மணிக்குக் கோப்பைங்கள எடுத்துக்கினு வாக்கா."

போனேன். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து மேனேஜரால் இன்னொரு பரிசோதனையை மறுக்க முடியவில்லை. பத்துப் பேரும் அவருடைய கழிவறைக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். இரண்டு பேருக்குச் சொட்டுக்கூட வரவில்லை. மற்றவர்களுக்கு அரை விரல் உயரம், கடும் டிகாஷன் நிறம். மங்கையின் கோப்பையில் ரத்தம் கலந்திருந்தது. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்ப நீ அன்ஃபிட். நாளைக்கு வராத" என்றார்.

கூட வேலை செய்யும் ராமசெல்வி தன் கோப்பையை அவர் மேசையில் வைத்தாள். "நானும் அன்ஃபிட்டு." அடுத்தவளும் வைத்தாள். காலிக் கோப்பைகளும் வந்தன. "அறுவது பெட்டி கெடக்குது சார், நீயே கழுவிக்க" என்றாள் ராமசெல்வி. அவர் அங்கேயே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

அடுத்த வாரம் யார்டில் பெண்கள் கழிவறைக்குக் கொத்தனார் சுவர் எழுப்பினார். மங்கை அப்போது சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போனபோது பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி குடிக்கல?"

"இங்க லேடீஸ் பாத்ரூம்ல தாப்பா இல்லக்கா."

பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். "குடி மொதல்ல. கதவாண்ட நான் நிக்கிறேன்."