பாலைவனத்தில் மங்களம் அக்கா குறுக்கே நின்ற நாள்

மங்களம் அக்கா போய்விட்டார்.

இன்று காலை, மலாக்கா காஜா பெராங் வீட்டில். பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவே இல்லை என்று அவருடைய தம்பி மகன் போன் செய்தான். தொண்ணூறு வயது. இருந்தாலும்... அக்கா போவார் என்று நான் நினைத்ததே இல்லை.

மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி எங்களுக்கு. அக்கா மலாக்கா செட்டி சமூகம், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய தமிழர்கள், வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழ் என்னோடு பேசிப் பேசி வந்தது.

அழுதுகொண்டு எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்காவை நினைத்தாலே அந்த அமெரிக்க டூர் வந்து முன்னால் நிற்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நியூ மெக்சிகோ, அரிசோனா. பாலைவன ஓவியங்கள், மண்பானைகள், பூர்வகுடி மக்களின் கிராமங்கள் என்று சுற்றிக் காட்டும் சின்ன குரூப் டூர். ஒரு வேன், அக்காவும் நானும் சேர்த்து எட்டுப் பேர், ஒரு கைடு.

அக்காவுக்கு அப்போது எழுபத்தெட்டு. தம்பி மகன் வேண்டவே வேண்டாம் என்றான், டாக்டர் இழுத்தார்... அக்கா அதற்குள் பேக்கைப் பூட்டிவிட்டார்.

உலகத்தில் இத்தனை இடம் இருக்க ஏன் பாலைவனம் என்று கேட்டேன். "நம்ம ஊர்ல எல்லாமே ஈரம் லா. துவைச்ச துணி உடனே காயுற ஊர் ஒண்ணு பார்க்கணும்."

சாண்டா ஃபேயில் இறங்கிய அன்றே கெபாயா சட்டையைத் துவைத்துப் பால்கனியில் போட்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது அப்பளம் மாதிரி காய்ந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ரூம் கதவாகத் தட்டிக் காட்டினார். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

தான் பிறந்த நாடு வெள்ளைக்காரன் ஆண்ட ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்றும், அது இப்போது எந்த மேப்பிலும் கிடையாது என்றும் வேனில் இருந்த எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

பிறகு அந்தக் கிராமம்.

செம்மண் சுவர்கள், தட்டையான கூரைகள், அடிவானம் வரை ஒரு மரம் கிடையாது. அன்று அவர்களுக்குத் திருவிழா. நடனம் பார்க்கலாம், போட்டோ மட்டும் கூடவே கூடாது, ஒருவர் எடுத்தாலும் எல்லோரும் வெளியே போக வேண்டியதுதான் என்று கைடு வேனிலேயே சொல்லிவிட்டார். போன்களையும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினோம்.

முரசு அடித்ததும் என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகளிலிருந்து கிழவர்கள் வரை வரிசையாக ஆடினார்கள், ஒரே காலடி, புழுதி எழும்பி வெயிலில் மினுங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் மயிர் கூச்செறிகிறது.

திடீரென்று அக்கா என் பக்கத்தில் இல்லை.

எங்கள் குரூப்பில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ரிட்டயர்டு டாக்டர் வந்திருந்தார். நல்ல மனுஷன்தான். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். தொப்பிக்குள் போன்.

அக்கா போய் அந்தத் தொப்பிக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். அவர் இடது பக்கம் நகர்ந்தார், அக்காவும் நகர்ந்தார். அவர் வலது பக்கம் போனார்... அங்கேயும் அக்கா. ஐந்தடி உயரம்கூட இல்லாத மனுஷி!

கிராமத்துக் காவல்காரர் ஒருவர் எங்கள் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். நான் பயந்து அக்காவின் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அக்கா டாக்டரிடம் ஆங்கிலத்தில், மெதுவாக, இதைச் சொன்னார்.

"போகி அன்னிக்கு எங்க வீட்ல செத்துப் போனவங்களுக்கு இலை போட்டுப் படைப்போம். எங்க அப்பா இறந்த வருஷம் அம்மா அந்த இலை முன்னாடி உட்கார்ந்து அழுதாங்க. ஒரு வெள்ளைக்காரர் வாசல்ல நின்னு போட்டோ எடுத்தார். அப்புறம் அது கடையில போஸ்ட்கார்டா தொங்குச்சு. எங்க அம்மா அழுற முகத்தை யார் வேணும்னாலும் வாங்கலாம்."

இது ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்கு முன்னால் நடந்தது. அக்கா அப்போது சின்னப் பெண். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன்... எனக்கு இது தெரியாது.

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்து, அக்கா பார்க்கவே ஒவ்வொரு படமாக அழித்தார். காவல்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்து போனார்.

எங்கள் பின்னால் நீலச் சால்வை போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நடனம் முடிந்ததும் அக்காவின் கையைப் பிடித்து வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார், கூடவே எங்கள் எல்லோரையும்.

சிவப்பு மிளகாய்க் குழம்பு, மண் அடுப்பில் சுட்ட ரொட்டி... அக்கா ஹேண்ட்பேக்கிலிருந்து சம்பால் பெலாச்சான் மிளகாய்த் துவையல் பாட்டிலை எடுத்தார்! அந்த அம்மா ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் கேட்டார். சின்னச் சின்ன மீனையெல்லாம் இப்படிப் புளிக்க வைத்தா தின்கிறீர்கள் என்று அவர் மகன் கேட்க, அது மீன் இல்லை இறால் என்று அக்கா பெரிய விளக்கம் கொடுத்தார்.

அந்த நடனத்துக்கு என்ன அர்த்தம் என்று அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதை வெளி ஆட்களிடம் சொல்வதில்லை என்றார் அந்த அம்மா. அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாகுஸ், ரொம்ப நல்லது, சொல்லாதீங்க" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வேனில் டாக்டர் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உங்கள் அம்மா பெயர் என்ன என்று கேட்டார். சிந்தாமணி என்றார் அக்கா. டாக்டர் அதைச் சரியாகச் சொல்ல வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

போன வாரம்தான் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஐஸ்லாந்துக்கு ஒரு சின்ன குரூப் போகிறதாம், ரெண்டு இடம் காலியாக இருக்கிறதாம். "நீ வர்றியா? ஜன்னல் சீட் எனக்கு."

வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நாளை காலை காஜா பெராங் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் முடிந்தவர்கள் வாருங்கள்.

ஜன்னல் சீட் உங்களுக்குத்தான், அக்கா.