அலுமினியத்தில் விட்ட மண்ணெண்ணெய்

பிள்ளைகளே, நேற்று கணினி சொல்கிறபடி வெட்டும் நம் சின்ன சிஎன்சி மெஷினைப் பாகம் பாகமாகப் பூட்டி, அலுமினியத் தகட்டில் உங்கள் பெயரை வெட்டிப் பார்த்தோம் அல்லவா? சுழலும் கட்டரில் அலுமினியம் இளகி ஒட்டிக்கொண்டது. ஒட்டாமலிருக்க நான் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சூட்டில் நாற்றம் கிளம்பியது. "சீ, அப்பா!" என்று மூக்கைப் பொத்தினீர்கள். நான் மெஷினை நிறுத்தினேன்.

சின்ன வயதில், மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில், பேன் சாக அம்மா எனக்கும் அக்காவுக்கும் தலையில் மண்ணெண்ணெய்தான் தேய்ப்பார். எத்தனை முறை முழுகினாலும் நாற்றம் போகாது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் ஒரே அறை; நானும் அக்காவும் ஒரே வாங்குப் பலகையில்தான் இருந்தோம்.

"எவன்டா இங்க குப்பி லாம்ப கவுத்தது?" என்று ஒருநாள் பின்னாலிருந்தவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் இல்ல, இவ தலதான்!" என்று அக்காவைக் காட்டிவிட்டு, நான் அடுத்த வாங்குக்கு மாறினேன். மூக்கையும் பொத்திக்கொண்டேன். என் தலையிலும் அதே எண்ணெய்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அடிப்பாள் என்று பயந்தேன். அக்கா சொன்னாள்: "நாளைக்கும் அப்படியே சொல்லு தம்பி. ஒன்னையாவது சேத்துக்குவானுங்க."

மறுநாளும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பு வருகிறது. நேற்று மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு நான் வெளியே போனது அதனால்தான்.