ஒன்பது இருபதுக்குக் கேட்ட சத்தம்

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். இரத்தினபுரிக்கு நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்றார் கண்டக்டர். நாலு ஆனது. அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் எல்லா ஜன்னலும் மூடின, என் ஜன்னலைத் தவிர. அடம்பிடித்து வாங்கிய இடம், யாரைக் குறை சொல்வது?

பகல் பன்னிரண்டரைக்கு இரத்தினபுரியில் இறங்கினேன். தோட்டத்துக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்காரர் பாரூக் ஆயிரத்து எண்ணூறு கேட்டு ஆயிரத்து அறுநூறுக்கு இறங்கி வந்தார்.

"மாணிக்கக் கல்லு வாங்கவா மெடம்?"

"இல்ல. நாளைக்கு சேர்ச்சுக்கு."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "கொழும்புல இருந்து இரத்தினபுரிக்குத் தொழ வந்த மொத ஆள் நீங்கதான்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வழி நெடுக இறப்பர் மரங்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் மேர்சி நின்றாள். ஹட்டனில் விடுதியில் என்னோடு ஒன்றாகப் படித்தவள், இருபது வருடத்துக்கு முன் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். இப்போது தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறாள். கூரைத் தகரத்தின் மேல் நீலப் படங்கு விரித்துச் செங்கல் வைத்திருந்தது. உள்ளே இரண்டு வாளிகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

அவளுடைய கணவர் செல்வராஜ், கீழே வயலில் உள்ள மாணிக்கக் குழியில் ஆறு பங்காளிகளில் ஒருவர். குழி வேலைக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு, கல் கிடைத்தால் பங்கு உண்டு. ஏழு மாதமாகத் தோண்டி, கல் இருக்கக்கூடிய சரளையைக் குவித்து வைத்திருந்தார்கள். பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பொம்பளைங்க குழிகிட்ட வரக்கூடாதுங்க அக்கா. சிங்கள ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

"கல்லைப் போட்டுக்கிறது பொம்பளை, பார்க்கக் கூடாதாக்கும்" என்றேன். சிரித்தார், ஆனால் கூட்டிப்போகவில்லை.

மாலை ஆறு மணிக்குத் தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் மேர்சியின் முகம் ஏன் உம்மென்று இருக்கிறது என்று விளங்கியது. சரளையைக் கழுவுவதற்குக் குழி முதலாளி நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபது. கழுவும்போது பங்காளிகள் எல்லாரும் கூடையைச் சுற்றி நிற்க வேண்டும். பிறகு யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது அல்லவா, அதற்காக. நிற்காதவனுக்கு அன்றைய கல்லில் பங்கில்லை. இது அந்தக் குழியில் பேசி வைத்த ஒழுங்கு.

ஒன்பது மணிக்குத்தான் தோட்டத்துச் சேர்ச்சில் ஆராதனை. போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசித்து ஜெபம் நடத்துவது செல்வராஜ்.

"நீயாச்சும் சொல்லுடி. ஏழு மாசம் சேத்துக்குள்ள கெடந்துட்டு, கழுவுற அன்னைக்குப் போக மாட்டேங்கிறாரு. இந்தக் கூரையப் பாரு" என்றாள் மேர்சி.

எனக்கும் அது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. "நான் வாசிக்கிறேன் செல்வராஜ், நீங்க போங்க. ஆண்டவர் ஒரு ஞாயிறைக் கணக்குப் பார்க்க மாட்டார்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "போன வருசம் ஒரு ஞாயித்துக்கெழம கழுவப் போனேங்க. சேர்ச் சாவி என் பொக்கட்ல. தோட்டத்து மேல் டிவிஷன்ல இருந்து நடந்து வந்த சனம் மழையில நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. அன்னைக்குக் கல்லும் கெடைக்கல."

"சரி, அன்னைக்குக் கிடைச்சிருந்தா?" என்றேன்.

"கெடைச்சிருந்தா, ஆராதனைய விட்டுட்டுப் போறது எனக்குப் பழகிப் போயிருக்கும் அக்கா."

மேர்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தது. எட்டே முக்காலுக்கு செல்வராஜ் சேர்ச்சைத் திறந்தார். நாலு சுவர், தகரக் கூரை, உட்கார ஆறு வாங்கு. கதவில் நின்றால் கீழே வயலும் குழியின் ஓலைக் கூரையும் தெரியும். பதினைந்து பேர் வந்தார்கள். ஞானம் என்ற பெண் மேல் டிவிஷனிலிருந்து இரண்டு மைல் இறங்கி வந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். செருப்பைக் கழற்றும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. செல்வராஜ் ஞானத்தை முன்னால் முழங்காலில் நிற்க வைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட பயத்த எடுத்துப் போடும்" என்று தொடங்கினார். அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஐந்து ஆண்கள் ஒரே மூச்சில் போட்ட கூச்சல். அதற்கு அர்த்தம் ஒன்றுதான், அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

செல்வராஜின் குரல் நின்றது. மேர்சி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். நான் எப்போது எழுந்து கதவுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. வயலில் ஒருவர் கையை உயர்த்தி எதையோ வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் செல்வராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். அவசரப்படவே இல்லை. ஞானத்தின் ஆஸ்பத்திரி, வார்டு, அவள் வீட்டில் விட்டுப்போகும் பிள்ளைகள், ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார்.

பத்தரைக்கு சுனில் மேலே ஏறி வந்தார். அவரும் குழியில் பங்காளி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சிங்களத்தில் சொன்னார். நீலக் கல், கட்டைவிரல் நகமளவு, நல்ல நிறம். செல்வராஜுக்கும் பங்கு கொடுக்கலாம் என்று தான் பேசிப் பார்த்ததாகவும், ஒழுங்கு ஒழுங்குதான் என்று முதலாளி முடித்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் தரையிலேயே இருந்தது.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொல்லி, செல்வராஜ் அவர் தோளைத் தட்டினார். பிறகு கதவைப் பூட்டப் போனார். பூட்டுக்குள் சாவி மூன்று தடவை போகவில்லை.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வயிறு எரியுதுங்க அக்கா. இல்லேன்னா பொய்" என்றார். "நாளைக்கு மறுபடி குழியில எறங்கணும், அவங்க மொகத்தப் பாக்கணும். அதுக்கும் ஆண்டவர்தான் பெலன் குடுக்கணும்."

பகல் இரண்டு மணிக்கு பாரூக்கின் வண்டிக்காக மேர்சியும் நானும் ரோட்டோரம் நின்றோம். சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்திருந்தாள். கொழும்பை ஒட்டிய வத்தளையில் எங்கள் சேர்ச் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. நான் நேரத்துக்குப் போன ஞாயிறுகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கி, வேண்டாமென்று விட்டேன்.

"கோவமாடி அவர் மேல?" என்றேன்.

"காலையில வரைக்கும் இருந்துச்சு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து பூரா போ போன்னு சண்ட புடிச்சவ நான்தானே? அந்தச் சத்தம் வந்தப்போ, ஐயோ இந்த மனுசன் ஓடிருவாரோன்னு பயந்துட்டேன். ஓடிறக் கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டேன்டி."

"அவர் ஓடலையே."

"அவரு ஓடல. நீதான் ஓடுன" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்ததும் பாரூக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தொழுதாச்சா மெடம்?"

"அவங்க தொழுதாங்க" என்றேன். "நான் பாத்துட்டு வர்றேன்."