காலாங் ஆற்றுச் செம்போத்து

எனக்குப் பெண் பார்க்க இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பியவர் என் தாய்மாமா. முதல் முறை பூனை, அடுத்த முறை விறகுக்கட்டு. சிராங்கூன் ரோட்டில் என் வயதுக்காரர்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மூன்றாம் முறை மாட்டுவண்டியில் மாமா, பூத்தட்டோடு அவர் மனைவியான என் அத்தை, நான். பெண் வீடு காலாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் ஏறுமுன் கரையோரக் கிளையில் ஒரு பறவையைப் பார்த்து மாமா வண்டிக்காரரை நிறுத்தச் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் தள்ளியிருந்தால் எல்லாமே புகைதான்.

"என்னடா அது? செம்போத்துன்னா நல்ல சகுனம், போகலாம். மீன்கொத்தின்னா வண்டியத் திருப்பு. கொத்துற பறவை முகத்துல முழிச்சிட்டு யாராவது சம்பந்தம் பேசுவாங்களா?"

ஊரில் நான் கண்ட மீன்கொத்தி கைப்பிடிக்குள் அடங்கும். இது காக்கை அளவு இருந்தது. பழுப்புத் தலை, காவி வயிறு, நீல இறக்கை. அலகோ முகத்துக்குப் பொருந்தாத நீளத்தில், ரத்தச் சிவப்பு. செம்போத்துக்கு உடம்பு கறுப்பு, இறக்கைதான் செங்காவி. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது மீன்கொத்தியேதான்.

"செம்போத்து மாமா," என்றேன் கூசாமல்.

"நல்லாப் பாத்தியா?"

"பெரிய உடம்பு, பழுப்பு நிறம். வேற என்னவா இருக்கும்?" நீலத்தையும் அலகையும் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

மாமா கும்பிடக் கை தூக்கினார். அந்த நேரம் பார்த்து அந்தப் பாவி தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. துள்ளும் மீனோடு கிளைக்குத் திரும்பி, அதைப் படீர் படீரென்று அடித்தது.

"ஐயே, மீன் திங்குது!" என்றாள் அத்தை.

"செம்போத்து மீன் புடிக்குமாடா?" என்று மாமா என் பக்கம் திரும்பினார். என் கல்யாணம் ஆற்றோடு போவது கண்ணுக்குத் தெரிந்தது.

எங்கள் குடும்பம் சுத்த சைவம். ஆனால் மலாய்ச் சோற்றுக்கடையில் மாமா சம்பல் மீனை விரல் நக்கிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது.

"இந்த ஊருக்கு வந்தா பழக்கம் மாறிடுது மாமா. ஊர்ல சுத்த சைவமா இருந்தவங்ககூட இங்க மலாய்க்கடையில உக்காந்து..."

"யாருடா அது?" அத்தை பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

மாமா அவசர அவசரமாகக் கிளையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"செம்போத்தேதான். நேரமாச்சு, வண்டிய ஓட்டுப்பா!"