மலையில் அமைதியாக இருந்த பன்னிரண்டு வயிறுகள்

"விஞ்ஞானம் படிச்சு என்னம்மா செய்யப் போறீங்க? கடைசியில கொழுந்து பறிக்க மலைக்குத்தானே வரணும்."

பல்கலைக்கழகத்தில் சேர வதிவிடக் கடிதம் கேட்டுத் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்குப் போன அன்று, நலன்புரி உத்தியோகத்தர் முத்திரையைக் குத்தியபடியே இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. அவர் வாக்கு பலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் வாங்கிய அடுத்த வருடமே மலைக்கு வந்தேன். கொழுந்துக் கூடைக்குப் பதிலாகப் பன்னிரண்டு இடுப்புப் பட்டிகள் அடங்கிய பை, கூடவே கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர். அதே உத்தியோகத்தர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உடனே உட்காரவில்லை. அந்தக் கேள்வியை அவர் இன்னொரு முறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

மூளையும் குடலும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன, மனம் பதறினால் வயிறும் பதறும், ஆகவே வயிற்றின் சத்தத்தை ஒட்டுக்கேட்டால் ஆளின் மன அழுத்தம் தெரிந்துவிடும். இதுதான் எங்கள் ஆராய்ச்சியின் அடிப்படை. பட்டி வயிற்றைக் கேட்டு, கேட்டதைக் கைப்பேசிக்கு அனுப்பும். அழுத்தம் கூடினால் அதிர்ந்து, மூச்சை மெதுவாக விடும்படி நினைவூட்டும். வெளிநாட்டு நிதியம் ஒன்று இதற்குப் பணம் கொடுத்தது. கொழும்பு வங்கி அதிகாரிகளின் வயிற்றைக் கேட்கப்போகிறோம் என்று முதலில் எழுதியபோது கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டப் பெண்களின் வயிறு என்று மாற்றி எழுதியதும் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வயிற்றின்மேல் உலகத்துக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தரவுகளைப் பகுப்பாய்வு செய்யும் வேலைக்குத்தான் நான் விண்ணப்பித்திருந்தேன். தமிழ் பேசுவேன், ஓப்பநாயக்க ஊருக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் என்று தெரிந்ததும் பட்டி கட்டிவிடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் மேல்மலையில் ஒரு கழிப்பறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் ஏறினால் மத்தியானம்தான் இறங்க முடியும். அதுவரை ஒதுங்க இடமில்லை என்பதால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை மறுக்கவில்லை. படித்தவர்கள் நேராக மறுக்க மாட்டார்கள். ஆராய்ச்சி முடியட்டும், மலையில் அழுத்தம் இருக்கிறதென்று விஞ்ஞானம் சொன்னால் கட்டிவிடலாம் என்றார். நான்தான் அதை அம்மாவிடமும் மற்றப் பதினொரு பேரிடமும் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அவர்களில் மூத்தவர், "மெசினு சொன்னாத்தான் கக்கூசு வரும்னா கட்டிவிடு பாப்பா, எங்க வாயி சொல்லி வரலைல்ல" என்று வயிற்றைக் காட்டினார்.

ஆறு வாரம் லயத்திலேயே தங்கி, விடியற்காலையில் பட்டி கட்டிவிட்டேன். பிறகு கொழும்புக்குப் போனேன். பேராசிரியர் முடிவுகளைத் திரையில் காட்டினார். மலையில் இருந்த நேரமெல்லாம் பன்னிரண்டு வயிறும் ஆழ்ந்த அமைதியில் இருந்தன, பச்சைக் கோடு அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போதுதான் சிவப்புக் கோடு துள்ளியது. ஆகவே கொழுந்து பறிப்பது மனத்தை ஆற்றுகிறது, வீடுதான் வாட்டுகிறது என்று அறிக்கை முடிந்தது. வரைவைப் பார்த்த நிதியத்துக்கு ஏக மகிழ்ச்சி. கொழும்பு அலுவலகங்களில் களைத்திருப்பவர்களுக்குக் கொழுந்து பறிக்கும் கையசைவைச் சொல்லிக்கொடுக்கும் செயலி ஒன்றை இரண்டாம் கட்டத்தில் செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையில் இரண்டாவது பெயர் என்னுடையது. அந்தப் பெயரை எட்டுத் தடவை வாசித்தேன். முடிவை ஒரு தடவைதான் வாசித்தேன்.

பெண்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டிகளையும் திருப்பி வாங்கிவர வேண்டும். போனது ஞாயிற்றுக்கிழமை. அம்மா கோழிக்கறியோடு சோற்றைப் பிசைந்து முதல் வாயை எடுத்ததும், இன்னும் கழற்றாமல் இடுப்பில் இருந்த பட்டி அதிர்ந்தது. இரண்டாம் வாய்க்கும் அதிர்ந்தது.

"இந்தச் சனியன் சோறு திங்க விடுதா பாரு. மலையில வாயத் தொறக்காது, வீட்டுக்கு வந்தா மாமியா மாதிரி நோண்டுது."

எழுந்துபோய், அடுப்படிக்கு வெளியே ஆணியில் தொங்கிய படங்கை எடுத்துவந்தார். செடிக் குச்சி குத்தாமல், ஈரம் படாமல் இருக்கப் பறிக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து கீழே சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு அது. பட்டிக்கு மேல் அதைச் சுற்றி, கயிற்றை வழக்கம்போல இழுத்து முடிந்தார். பட்டி அடங்கிவிட்டது. அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார். என் கையிலிருந்த கைப்பேசியில் சிவப்புக் கோடு படுத்துப் பச்சையாகியது.

அவிழ்க்கச் சொன்னேன், சிவப்பு. மறுபடி கட்டச் சொன்னேன், பச்சை. சோறு ஆறுகிறது என்று அம்மா சலித்துக்கொண்டார். ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்டேன்.

"எறுக்கிக் கட்டுனாத்தான் புள்ள பசி தெரியாது. இது தெரியாமயா இம்புட்டுப் படிச்ச?"

தெரியும். அதுதான் வெட்கம். பட்டியைக் கட்டிவிட்டது நான், அதன்மேல் படங்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான். வெளியூர்க்காரி ஒருத்தி நின்றிருந்தால் அது என்னவென்று கேட்டிருப்பாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்ததால் என் கண்ணில் படவே இல்லை. தண்ணீரும் சோறும் இல்லாத வயிற்றைக் கயிற்றால் நெரித்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்க ஒன்றுமில்லாததால் இயந்திரம் அமைதி என்றது. நாங்கள் விஞ்ஞானம் என்றோம்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம், படங்கோடும் படங்கில்லாமலும் கைப்பேசியில் விழுந்த இரண்டு பதிவுகளையும் காட்டினேன். அவர் என்னைத் 'துவ' என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் மகள் என்று பாசமாக. பொறுமையாகக் கேட்டார். இது பண்பாட்டு வேறுபாடு, வரம்புகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார். இறுதி அறிக்கை வெள்ளிக்கிழமை போயாக வேண்டும், இரண்டாம் கட்டத்தில் எனக்கு மூன்று வருட வேலையும் உண்டு என்று நினைவூட்டினார். இதே அறிக்கை தொரையின் மேசைக்கும் போகும், பிறகு கழிப்பறை கிடைக்கவே கிடைக்காது என்றேன். அது ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "துவ, ஒரு கயிற்றுக்காக ஒரு நிதியை இழக்க முடியாது."

எட்டுத் தடவை வாசித்த பெயரை எடுத்துவிடும்படி அன்றே எழுதிக் கொடுத்தேன். இரண்டு பதிவுகளையும், என் தவறு எது என்று நானே எழுதிய ஒரு பக்கத்தையும் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவுக்கு அனுப்பினேன். தொரைக்கும் ஒரு பிரதி. குழு, கிடைத்தது என்று மட்டும் பதில் போட்டிருக்கிறது. தொரை அதுவும் போடவில்லை.

அதே நிதியத்தில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஒரு சிறிய பிரிவு உண்டு. அவர்களுக்குப் பிடித்த சொற்கள் எவை என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். 'தோட்டப் பெண்களுக்கான குடல் சார்ந்த மன அழுத்த மேலாண்மைத் தொழில்நுட்பம்' என்று தலைப்பிட்டேன். தேவையான கருவிகள் என்ற இடத்தில் நான்கு சுவர், ஒரு தண்ணீர்த் தாங்கி, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு என்று எழுதினேன். ஆய்விடம், மேல்மலை. முதன்மை ஆய்வாளர், நான். நேற்று அனுப்பிவிட்டேன்.