ஓர் அங்குலம் குறைந்த ஆட்டக்காரன்

என் நோய் முதலில் பந்தில்தான் தெரிந்தது. நேராகப் போக வேண்டிய பந்து வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது.

நான் தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன். தானா ராத்தா ஊருக்கு மேலே இருக்கும் கோல்ப் திடலில் துரைமாருக்குப் பை தூக்கி, அவர்கள் அடிப்பதைப் பார்த்தே ஆட்டம் பழகியவன். எழுபதுகளின் நடுவில் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போட்டிகளுக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவன் நான் ஒருவன்தான். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கூச்சம் கிடையாது.

பந்து ஒதுங்கினால் ஆட்டக்காரன் தன் அடியைத்தான் சந்தேகப்படுவான். பிடியை மாற்றினேன். கால் வைக்கும் இடத்தை மாற்றினேன். தினமும் இருநூறு பந்து கூடுதலாக அடித்தேன். நடுமுதுகில் பிடிப்பு வந்தது, மாலையானால் உடம்பு காய்ந்தது, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. எல்லாம் பயிற்சி மிஞ்சியதால் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். இப்படியே ஐந்து மாதம் போனது. இதைப் படிப்பவர்கள் அந்த மடத்தனத்தைச் செய்யாதீர்கள்.

என் மனைவி லெட்சுமி கொழுந்து பறிப்பவள். கோல்ப் ஆட்டத்தில் அவளுக்கு அட்சரம் தெரியாது. ஒரு நாள் கீழே விழுந்த கரண்டியை நான் குனியாமல், தொடையில் கையூன்றி மெல்ல உட்கார்ந்து எடுப்பதைப் பார்த்தாள்.

"ஒங்க கோல்ப் குச்சியில ஒன்னுமில்லங்க. ஒங்க ஒடம்புலதான் கோளாறு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள்.

தானா ராத்தாவில் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அங்கே எலும்பு மருத்துவர் பினாங்குத் தமிழர். எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முள்ளெலும்புகள் (முதுகுத்தண்டில் அடுக்காக இருக்கும் சிறு எலும்புகள்) அரித்துப்போயிருப்பதைக் காட்டினார். ஊசி போட்டுச் சீழ் எடுத்துச் சோதித்த பிறகே பெயரைச் சொன்னார்: முதுகெலும்புக் காசநோய் (நெஞ்சைப் பிடிக்கும் அதே காசக் கிருமி எலும்பில் குடியேறுவது). ஓர் இருமல்கூட இல்லையே என்றேன். இருமாமலும் வரும் என்றார். நரம்பு அழுந்தி வலக்கால் வலு குறைந்துகொண்டிருந்ததாம். பந்து ஒதுங்கியதற்குக் காரணம் அதுதான்.

"மறுபடியும் ஆட முடியுமா டாக்டர்?"

"அத இப்போ கேக்காதீங்க முனியாண்டி. மொதல்ல எழுந்து நடக்கணும்."

அன்றைக்கு நான் அழுதேன். எனக்கு ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டு, பலகைக் கட்டிலில் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். தினம் ஓர் ஊசி. அது போட்ட நாளெல்லாம் காது இரைந்தது. மாத்திரை பதினெட்டு மாதம். ஒரு நாள்கூட விடக்கூடாது. கட்டுக்குள் அரிக்கும், சொறிய முடியாது. இப்போது அப்படிப் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த அரிப்பு ஒருநாள் நிற்கும்.

லயத்தில் சிலர் பயந்தார்கள். எங்கள் குவளையைத் தனியாக வைக்கச் சொல்லி லெட்சுமியிடம் ஒருத்தி ஜாடையாகப் பேசியிருக்கிறாள். "எலும்புல இருக்கறது ஒட்டாதுலா, டாக்டரே சொல்லிட்டாரு. வேணும்னா நீயே போய்க் கேளு," என்று லெட்சுமி வெட்டிப் பேசியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் மாதம் கட்டைப் பிரித்து, தோல் வார் வைத்த இடுப்புக் கச்சை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி போய்விட்டது. எடை ஏறியது. மாத்திரை மட்டும் வயிற்றைப் புரட்டியது. அதைப் போட்ட காலையில் மட்டையைத் தொடவே முடியாது. ஆம், யாருக்கும் தெரியாமல் மட்டையைத் தொட ஆரம்பித்திருந்தேன். நாலு மாதத்தில் கோலாலம்பூரில் பெரிய போட்டி. லெட்சுமி விடியலில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், மாத்திரையை முட்டைக்கோஸ் பாத்திக்குள் எறிந்துவிட்டு ஆடப்போனேன். மூன்று வாரம் இப்படி நடந்தது.

அடுத்த சோதனைக்கு லெட்சுமியும் ஈப்போ வந்தாள். புதுப் படத்தைப் பார்த்து டாக்டர் முகம் மலர்ந்தார். அரித்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகிவிட்டன, போட்டிக்குப் போகலாம், ஆடத் தகுதி உண்டு என்று கடிதம் தருகிறேன் என்று பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே, மாத்திரை ஒரு நாளும் விடவில்லையே என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் லெட்சுமி முந்திக்கொண்டாள்.

"விட்டதே இல்ல டாக்டர்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரன் பின்னாலும் நடுவர் வரமாட்டார். புதருக்குள் யாரும் பார்க்காத இடத்தில் மட்டை பட்டு பந்து அரை விரல் நகர்ந்தாலும், நாமே கையைத் தூக்கிச் சொல்லி, நம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிச் சொன்னதால் ஒருமுறை இரண்டாம் இடத்தை இழந்திருக்கிறேன். வாங்கிய கோப்பைகளைவிட அதைத்தான் நான் அதிகம் சொல்லித் திரிந்தவன். அப்படிப்பட்டவன் டாக்டர் முன்னால் அவர் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டால் கடிதம் கிடைக்கும்.

"இருபத்தோரு நாள் விட்டுட்டேன் டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். இடையில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்த மாத்திரையும் கேட்காது என்றார். கடிதத்தைக் கிழித்தார். இன்னும் ஆறு மாதம் மருந்தைக் கூட்டினார். மருந்து முடியும்வரை மட்டையைத் தொடக்கூடாது. அந்த வருடத்துப் போட்டி போயிற்று.

திரும்பும் பேருந்தில் தாப்பாவைத் தாண்டியும் லெட்சுமி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மலையேறி ரிங்லெட் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்க," என்றாள். தானா ராத்தாவில் இறங்கும்போது, "ஆனா சொல்லிட்டீங்க," என்றாள். மறுநாளிலிருந்து மலைக்குக் கிளம்புமுன் மாத்திரையைத் தன் கையால் தந்து, நான் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை தினமும் ஆ காட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் வேறு கடிதம் எழுதினார். சேர்ந்த எலும்புகள் லேசாக வளைந்திருந்தன. உயரம் ஓர் அங்குலம் குறைந்திருந்தது. மட்டைகளை அதற்கேற்ப வெட்டிக்கொண்டேன். முதுகு பழையபடி திரும்பாது, அதனால் என் வீச்சு பாதிதான். பந்து முன்னைவிடக் குறைவான தூரம் போகிறது. ஆனால் நேராகப் போகிறது.

கோலாலம்பூர் போட்டிக்கு லெட்சுமி முதல்முறையாக வந்தாள். நான்கு நாளும் பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கடைசியில் எத்தனையாவது என்று கேட்டாள். பதினேழாவது என்றேன்.

"பதினேழு பேர்லயா?"

"எண்பது பேர்லடி."

அவள் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கிய எந்தக் கோப்பைக்கும் எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

முன்பெல்லாம் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நடக்கும் நேரம் எனக்கு வீண். இப்போது முதுகு மெதுவாகத்தான் போகவிடுகிறது. இளம் ஆட்டக்காரர்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். போகட்டும். வலக்கால் புல்லில் ஊன்றுவது தெரிகிறது, அதன்பின் இடக்கால் தெரிகிறது. பதினெட்டுக் குழிக்கும் அப்படித்தான் நடக்கிறேன், ஒரு காலடியையும் தவறவிடாமல்.